சிறிய தொடர்மாடி வீட்டில் இன்னோர் அறை

சகோதரிகளே, உங்கள் மூத்த மகளுக்கு இப்போது எத்தனை வயது? பன்னிரண்டா, பதின்மூன்றா? அவள் உடுப்பு மாற்றுவது எங்கே? பாடம் படிப்பது எங்கே? வாப்பாவின் கூட்டாளிமார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஹோலில் உட்கார்ந்துவிட்டால் அவள் எங்கே போய் நிற்கிறாள்? "குசினி மூலையில்தான்" என்பது உங்கள் பதிலானால், தொடர்ந்து படியுங்கள்.

மாளிகாவத்தை, தெமட்டகொடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று கொழும்பில் எங்கு பார்த்தாலும் ஒரே ஒரு படுக்கையறை கொண்ட மாடி வீடுகளில் ஆறு பேர், ஏழு பேர் என்று குடும்பங்கள் வாழ்கின்றன. கல்யாணம் முடித்த புதிதில் அந்த ஓர் அறை போதும். முதல் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதும் போதும். பிறகு பிள்ளைகள் மூன்றாகி, ஊரிலிருந்து வாப்பும்மாவும் வந்து சேரும்போது வீடு நெருக்கத் தொடங்குகிறது. பத்து வயதானதும் பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரித்துவிடும்படி நம் மார்க்கம் சொல்லியிருப்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் பிரிக்க இடமில்லையே என்பதுதான் பல உம்மாமாரின் மனக்குறை.

பெரிய வீட்டுக்குப் போகலாமே என்பார்கள். கொழும்புக்கு வெளியே போனால் அதே பணத்துக்குப் பெரிய வீடு கிடைக்கும்தான். ஆனால் பாடசாலை, ஓதற்பள்ளிக்கூடம், வாப்பாவின் கடை எல்லாம் இங்கே இருக்கின்றன. விடியற்காலை ஐந்தரைக்குப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்ற வேண்டிய வாழ்க்கையை நினைத்தால் இருக்கும் வீட்டையே சரிசெய்து கொள்வது மேல் என்று தோன்றும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சீமெந்து, அலுமினியம், பலகை எல்லாவற்றினதும் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே செலவைக் குறைத்து எப்படிச் செய்யலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் சாமான்கள்

அறை பிரிக்க வேண்டும் என்றதும் பாஸைக் கூப்பிடாதீர்கள். முதல் வேலை உங்களுடையது. ஹோலை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். மூவர் அமரும் செட்டி ஒன்று, ஒருவர் அமரும் செட்டி இரண்டு, நடுவில் ஒரு கண்ணாடி மேசை, பக்கத்தில் ஷோகேஸ். அந்த ஷோகேஸில் வெளிநாட்டிலிருந்து வந்த கோப்பைகளும் பூச்சாடிகளும் வருஷக் கணக்கில் தூசு பிடித்துக் கிடக்கும். அலுமாரிகளின் மேல் சூட்கேஸ்கள். கட்டிலின் கீழ் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

ஆறடி நீளமான செட்டி ஒன்றும் அதன் முன்னால் உள்ள மேசையும் சேர்ந்து முப்பது சதுர அடியை விழுங்கிவிடும். ஒரு பிள்ளையின் கட்டிலும் அதன் பக்கத்தில் நடந்து போகும் வழியும் அதே அளவுதான். மரச் செட்டியை விற்பதற்கு மனம் வராது என்பது உண்மை; அது சீதனத்தில் வந்ததாகவும் இருக்கும். ஆனால் வருஷத்தில் பத்து நாள் வரும் விருந்தாளிக்காக முன்னூற்று அறுபத்தைந்து நாளும் பிள்ளை தரையில் படுப்பதா? சுவரோரம் நீளமான பெட்டி போட்டு அதன்மேல் மெத்தை விரித்தால் அமரவும் செய்யலாம், உள்ளே போர்வைகளையும் வைக்கலாம், இரவில் மகன் படுக்கவும் செய்யலாம். பெட்டியின் அகலம் இரண்டரை அடி இருக்கட்டும்.

கயிறும் பெட்ஷீட்டும்

சாமான்களைக் குறைத்த பிறகு ஒரு சோதனை. தரையில் சோக்கட்டியால் புதிய அறையின் எல்லையைக் கீறுங்கள். அந்தக் கோட்டின் மேலாகக் கயிறு கட்டிப் பழைய பெட்ஷீட்களைத் தொங்கவிடுங்கள். ஒரு கிழமை அப்படியே வாழ்ந்து பாருங்கள். காற்று எங்கே நிற்கிறது, வெளிச்சம் எங்கே குறைகிறது, குளியலறைக்குப் போக யார் யாரைத் தாண்ட வேண்டியிருக்கிறது, உடுப்புக் காயப்போட பல்கனிக்கு எப்படிப் போவது என்று எல்லாம் அந்த ஒரு கிழமையில் தெரிந்துவிடும். கோட்டை அரையடி அங்கும் இங்கும் நகர்த்திப் பாருங்கள். ஒரு சதமும் செலவில்லாத இந்தச் சோதனையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பலகை அடித்த பிறகு அரையடி நகர்த்துவது சின்னக் காரியமல்ல.

எந்த இடத்தைப் பிரிப்பது

படுக்கையறையையே இரண்டாகப் பிரிப்பது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பத்தடிக்குப் பத்தடி அறையை இரண்டாக்கினால் கிடைப்பவை இரண்டு ஒடுங்கிய பெட்டிகள்தான். அறை பதினான்கு அடிக்குக் குறையாத நீளமாயும் இரண்டு பக்கமும் யன்னல் உள்ளதாயும் இருந்தாலே தவிர அதைத் தொடாதீர்கள். குசினியை ஹோலுக்குக் கொண்டுவந்து குசினியை அறையாக்கும் யோசனையும் வேண்டாம். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் இழுக்க வேண்டும். கொஞ்சம் கசிந்தாலும் கீழ்வீட்டுக்காரரின் படுக்கையில்தான் தண்ணீர் சொட்டும். அயலவரோடு மனஸ்தாபம் வர இதைவிட இலகுவான வழி இல்லை.

பெரும்பாலான வீடுகளில் இடம் கிடைப்பது ஹோலில்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹோல் 17 அடி நீளம், 10 அடி அகலம். ஒரு முனையில் வாசற்கதவு. மறு முனையில் பல்கனிக் கதவும் அதன் பக்கத்தில் ஒரு யன்னலும். படுக்கையறை 10க்கு 10. குசினியும் குளியலறையும் ஹோலின் பக்கவாட்டில், வாசற் பக்கமாக. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 400 சதுர அடி.

இந்த ஹோலின் பல்கனி முனையை அப்படியே குறுக்காக மறித்துவிட்டால் அறைக்கு யன்னல் கிடைக்கும்; ஹோல் இருண்டுவிடும். பல்கனிக்குப் போகிறவர் எல்லாரும் பிள்ளையின் அறைக்குள்ளால் போக வேண்டியும் வரும். அதனால் குறுக்காக மறிக்காமல், மூலையை மட்டும் 'ட' வடிவத்தில் மறியுங்கள். யன்னல் பக்கமாக 7 அடி அகலம், 8 அடி நீளத்தில் அறை. மீதி 3 அடி அகலம் பல்கனிக் கதவுக்குப் போகும் நடைவழி. அந்த நடைவழியால் காற்றும் வெளிச்சமும் ஹோலுக்கு வரும். ஹோல் 9க்கு 10 அடியாகச் சுருங்கும். ஒரு ஸஹனைச் சுற்றி ஆறு பேர் வசதியாக அமர ஏழடிக்கு ஏழடி போதும் என்பதால் ஹோல் ஹோலாகவே இருக்கும்.

7க்கு 8 அடி அறையில் என்ன வைக்கலாம்? ஆறேகால் அடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள கட்டில் ஒன்று, அல்லது அதே அளவான இரண்டடுக்குக் கட்டில். ஒன்றரை அடி ஆழமான அலுமாரி. யன்னலின் கீழ் ஒரு படிப்பு மேசை. நடுவில் முஸல்லா விரிக்க இடம் மிஞ்சும். இதைவிடச் சிறிய அறை என்றால், உண்மையில் அது அறையல்ல, படுக்கும் மூலை.

கல் சுவர் வேண்டாம்

"சிறிய சுவர்தானே, நாலு இஞ்சி சீமெந்துக் கல்லால் கட்டிவிடலாம், காலத்துக்கும் நிற்கும்" என்று சொல்லும் பாஸ்மார் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். மேலே சொன்ன 15 அடி நீளச் சுவரைக் கல்லால் கட்டிப் பூசினால் அதன் எடை ஏறத்தாழ இரண்டு டன் வரும். உங்கள் வீட்டுத் தரை இன்னொருவரின் கூரை. எங்கே சுவர் வரும், எங்கே வராது என்று கணக்குப் பார்த்துத்தான் அந்தக் கொங்கிரீட் தட்டைப் போட்டிருப்பார்கள். அதே இடத்தில் இலேசான சட்டத்தில் இரண்டு பக்கமும் பலகை அடித்தால் முழு எடையும் முந்நூறு கிலோவைத் தாண்டாது.

இருக்கும் சுவரை உடைப்பது அதைவிட மோசம். பழைய மாடிகளில் சில சுவர்கள்தான் மேல்மாடியைத் தாங்கி நிற்கின்றன. ஒன்பது இஞ்சித் தடிப்பான சுவரில் கை வைக்கவே கூடாது. மெல்லிய சுவரானாலும் பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்காமல் உடைக்க வேண்டாம். பல்கனியைக் கல்லால் அடைத்து அறையாக்குவதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பல்கனி, உடுப்புக் கொடிக்கும் நாலு பூச்சாடிக்கும் கட்டப்பட்டது.

சட்டமும் இருக்கிறது. தொடர்மாடி வீடுகளின் உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிச்சுவர், கூரை, படிக்கட்டு போன்றவை எல்லா வீட்டாருக்கும் பொதுவானவை. வீட்டின் உள்ளே இலேசான மறைப்புப் போடுவதானாலும் உங்கள் மாடியின் முகாமைத்துவக் குழுவுக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு ஆரம்பியுங்கள். தகராறு வந்தால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே போகும் வரை விடாமல் பார்த்துக்கொள்வதே நல்லது. வாடகை வீடானால் வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். வாயால் சொன்னது முற்பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில் மறந்துபோகும்.

எதனால் மறைப்பது

மிகவும் மலிவானது திரைச்சீலை. கூரையிலேயே ரெயில் பூட்டித் தரைவரை தொங்கும் தடித்த சீலை போட்டால் பார்வை மறையும், சத்தம் மறையாது. ஒரு வருஷம் சமாளிக்க இது போதும். பெண்பிள்ளைக்கு நிரந்தரத் தீர்வு அல்ல.

அடுத்தது அலுமாரிச் சுவர். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதையே சிபாரிசு செய்வேன். ஏழடி உயரமான அலுமாரிகள் இரண்டையோ மூன்றையோ வரிசையாக நிறுத்தினால் அதுவே சுவர். ஒன்றின் கதவு ஹோல் பக்கம், மற்றதன் கதவு அறைப் பக்கம் பார்க்கட்டும். பின்பக்கம் தெரியும் இடத்தில் மெல்லிய பிளைவுட் அடித்து வர்ணம் பூசிவிடலாம். உடுப்பு நிறைந்த அலுமாரி சத்தத்தையும் கொஞ்சம் குடித்துவிடும். ஆனால் அலுமாரிகளை ஒன்றோடொன்று இறுக்கி, சுவரோடும் கட்டாயம் பூட்ட வேண்டும். பிள்ளை இலாச்சியில் ஏறி நின்றால் பாரமான அலுமாரி அப்படியே முன்னால் சாயும். வீடு மாறும்போது அவற்றை உங்களோடு கொண்டுபோகலாம் என்பது இதிலுள்ள பெரிய இலாபம்.

நிரந்தரமாகச் செய்வதானால் மரச் சட்டமோ தகரச் சட்டமோ அடித்து அதன்மேல் பிளைவுட், எம்.டீ.எப்., ஜிப்சம், சீமெந்துப் பலகை என்று ஏதாவதொன்று. எட்டடிக்கு நாலடிப் பலகைகளாக இவை கிடைக்கும். கணக்கு எளிது. நமது உதாரணத்தில் மறைப்பு 15 அடி. கதவுக்கு இரண்டரை அடி போக மீதி பன்னிரண்டரை அடி. இரண்டு பக்கமும் சேர்த்து 25 அடி. பலகையின் அகலம் நாலடி என்பதால் ஏழு பலகை வாங்க வேண்டும். மிஞ்சும் துண்டு கதவின் மேலே அடிக்க உதவும். எட்டடிப் பலகையை வெட்டாமல் அப்படியே நிறுத்துங்கள். ஒன்பதடிக் கூரைக்கு மேலே ஓரடி இடைவெளி விழும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜிப்சம் பார்க்க அசல் சுவர் போல இருக்கும், ஆனால் ஈரமும் இடியும் தாங்காது. ஆண்பிள்ளைகள் பந்தடிக்கும் வீட்டில் ஒரு மாதத்திலேயே ஓட்டை விழும். எம்.டீ.எப். வழவழப்பாக வர்ணம் பூச நல்லது. தண்ணீர் பட்டால் பாண் போல ஊதிவிடும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் பழக்கம் நமக்கு உண்டே, அதை மறந்துவிடாதீர்கள். எந்தப் பலகையானாலும் தரையிலிருந்து அரை இஞ்சி உயர்த்தி அடித்து, கீழ் விளிம்பில் மூன்று நாலு இஞ்சி உயரத்துக்குத் தரையோட்டுத் துண்டுகளை ஒட்டச் சொல்லுங்கள். குளியலறைப் பக்கமாக வரும் மறைப்புக்கு சீமெந்துப் பலகைதான் சரி. செலவையும் பாவனையையும் சேர்த்துப் பார்த்தால் நடுத்தரக் குடும்பத்துக்கு பிளைவுட் பொருத்தமானது என்பது என் அபிப்பிராயம்.

சத்தத்தைத் தடுக்க இரண்டு பலகைகளுக்கும் நடுவில் ரெஜிபோம் வைக்கச் சொல்வார்கள். அது சத்தத்தைத் தடுப்பதில்லை. தீப்பிடித்தால் நச்சுப் புகை வேறு. முட்டைத் தட்டுகளும் அப்படித்தான். காசிருந்தால் கல்நூல் பஞ்சு விரிப்பு வாங்கி இடையில் வையுங்கள். இல்லாவிட்டால் மறைப்பின் ஒரு பக்கத்தில் புத்தக அடுக்கு வையுங்கள்.

காற்று, வெளிச்சம், கதவு

மேலே விட்ட ஓரடி இடைவெளியை மூடிவிடாதீர்கள். சரிந்த சட்டங்கள் அடித்தால் பார்வை மறையும், காற்று ஓடும். வெக்கையும் ஈரமும் நிறைந்த கொழும்பில் காற்றோட்டம் இல்லாத அறையில் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு வருத்தமுள்ள பிள்ளைக்கு அது ஆகவே ஆகாது. நோன்பு காலத்தில் ஸஹருக்கு நீங்கள் குசினியில் வெளிச்சம் போடும்போது அந்த இடைவெளியால் வெளிச்சம் வரும் என்று குறைசொல்வார்கள். வரட்டுமே, பிள்ளைகளை எழுப்பும் வேலை மிச்சம்!

கதவு இரண்டரை அடி. திறந்து மூடும் கதவானால் அதன் பின்னால் அவ்வளவு இடமும் வீண். மேலே தொங்கும் இழுவைக் கதவு இடத்தை மிச்சப்படுத்தும். உள்ளே ஒரு கொண்டி கட்டாயம். ஆனால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய மாதிரி இருக்கட்டும். இதைவிட முக்கியமானது கதவு எந்தப் பக்கம் வருகிறது என்பது. ஹோலில் ஆண்கள் இருக்கும்போது மகள் அறையிலிருந்து குளியலறைக்குப் போக முடிய வேண்டும். இதற்காக ஹோலின் கூரையில் ஒரு திரைச்சீலை ரெயில் பூட்டி வைத்தால், விருந்தாளிகள் வரும் நேரத்தில் மட்டும் சீலையை இழுத்து ஒரு வழி உண்டாக்கிக் கொள்ளலாம். குசினிக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டிய நிலை உங்களுக்கும் இல்லாமற் போகும்.

ஹோலில் தொங்கும் சீலிங் பேன் புதிய மறைப்புக்கு மிக அருகில் வருகிறதா என்று பாருங்கள். இரண்டடுக்குக் கட்டில் போடும் அறையில் சீலிங் பேன் வேண்டவே வேண்டாம். மேல் தட்டில் எழுந்து உட்காரும் பிள்ளையின் கை சுழலும் இறக்கையில் படும். சுவர் பேன் பூட்டுங்கள். மேல் தட்டுக்கும் கூரைக்கும் இடையில் குறைந்தது மூன்றடி இருக்கட்டும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்க விடாதீர்கள்; இரண்டு பக்கமும் கம்பி இருக்க வேண்டும்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஹோலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைப் பாயின் கீழால் இழுத்துப் பேனும் விளக்கும் தொலைபேசியும் பூட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. மரச் சட்டம் அடித்த மறைப்பின் பக்கத்தில் அது வெடிமருந்து வைத்ததற்குச் சமம். தகுதியுள்ள இலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு குழாய்க்குள்ளால் வயர் இழுத்து, ஒரு விளக்கும் இரண்டு பிளக் பொயின்டும் போடுங்கள். அதே நாளில் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குசினியின் காற்றை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு அடுப்புகள் வெடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சிலிண்டரைப் புதிய அறையின் மறைப்போரம் வைக்கக் கூடாது. யன்னல்களுக்குக் கம்பி அடிப்பதானால் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாகச் செய்யுங்கள்.

யாருக்கு அறை

சில வீடுகளில் புதிய அறை முதலில் மூத்த மகனுக்குத்தான் போகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. மகளும் வாப்பும்மாவும் அதில் இருக்கட்டும். மகன்மார் ஹோலில், அந்தப் பெட்டி மெத்தையில் படுக்கலாம். அவர்களுக்கு என்று ஒரு பூட்டுள்ள இலாச்சியாவது கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தினம் ஒரு சண்டை.

இன்னொன்று. நம் வீடுகளில் ஹோல் என்பது இருப்பதற்கு மட்டுமல்ல. நிகாஹ் பேச்சு, கத்தம், பெருநாள் எல்லாம் அங்கேதான். நாளை ஒரு மையித்து விழுந்தாலும் அங்கேதான் வைக்க வேண்டும். ஆகவே ஹோலைப் பார்த்த ஏழடிப் பகுதியையாவது ஆணிக்குப் பதிலாக நட் போல்ட்டில் பூட்டச் சொல்லுங்கள். இரண்டு பேர் சேர்ந்து அரை மணித்தியாலத்தில் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடலாம். பாஸ் முகம் சுளிப்பார். வற்புறுத்துங்கள்.

பணம்

அளவுகளை ஒரு தாளில் எழுதி, அதே தாளை மூன்று பாஸ்மாரிடம் காட்டி விலை கேளுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று சொன்னால் கதவு, கீல், பூட்டு, வர்ணம் எல்லாம் அதில் அடக்கமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பலகையை நீங்களே வாங்கினால் இன்னும் நல்லது. கொழும்பு 12 பழைய சோனகத் தெருவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் விலை வித்தியாசம் தெரியும். உடைத்த வீடுகளின் பழைய கதவுகளும் சட்டங்களும் பாதி விலைக்குக் கிடைக்கலாம். கறையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள். கூலியை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். கடைசிப் பங்கு, கதவு ஒழுங்காக மூடித் திறந்த பிறகு.

கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவர்கள் வட்டிக் கடனுக்குப் போக வேண்டாம். மாடியிலுள்ள பெண்கள் சேர்ந்து போடும் சீட்டில் உங்கள் முறை எப்போது என்று பார்த்து வேலையைப் பிரித்துச் செய்யலாம். முதல் சீட்டுக்குச் சட்டமும் ஹோல் பக்கப் பலகையும். அடுத்ததற்கு உள்பக்கப் பலகையும் கதவும். அதுவரை வாசலில் திரைச்சீலை தொங்கட்டும்.

வேலையைப் பாடசாலை விடுமுறையில் ஆரம்பியுங்கள். அறுக்கும் சத்தமும் தூசும் இரண்டு மூன்று நாள் இருக்கும்; கீழ்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வர்ணம் பூசிய பிறகு வாடை போகும் வரை யன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகளை உங்கள் உம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம். என்ன வர்ணம் என்பதை மட்டும் மகளிடமே கேளுங்கள்.